பத்தியம் என்றால் பந்தயம்

மார்ச் 2

பத்தியம்மாளுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உப்பு, எண்ணெய், சர்க்கரை மூன்றும் உன்னைக் கண்டாலே ஓடி ஒளியும்போது நோய் மட்டும் எந்தத் தைரியத்தில் பக்கத்தில் வரும்?

போனில் பேச வேண்டாம், எழுதிக்கொள்வோம் என்று முடிவெடுத்தது நல்லதாகப் போயிற்று. போனில் நீ வெறும் "ம்" என்று சொன்னாலும் எனக்கு அதில் நாலு அர்த்தம் கேட்கிறது, நாலுக்கும் சண்டை போடுகிறேன். "எழுதித் தொலைங்க ரெண்டு பேரும், என்னைய நடுவுல இழுக்காதீங்க" என்று நம் மகள் சொன்னது சரிதான். காகிதத்தில் "ம்" எழுத உனக்கே வெட்கமாக இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். கட்டடம் பாதி உயரம் வந்துவிட்டது, அடுத்து கிரேனை இன்னும் உயர்த்தப் போகிறார்கள். அதற்கு முன்னால் எங்கள் எல்லோருக்கும் உடல் பரிசோதனை. புதிதாக வந்திருக்கும் சேஃப்டி ஆபீசர் சின்ன வயது, ஆனால் கறாரான ஆள். மேலே கேபினில் எனக்கு மயக்கம் கியக்கம் வந்தால் பெல்ட் மாட்டிக் கயிற்றில் இறக்குவார்கள் அல்லவா, அந்தக் கயிறு நூறு கிலோ வரைக்கும்தானாம். நான் நூற்றுப் பன்னிரண்டு. "அண்ணே, ஜூன்ல பரிசோதனை. நூறுக்குக் கீழ வந்தீங்கன்னா கேபின் உங்களுக்கு. இல்லன்னா கீழ ஸ்டோர்ல உக்காந்து போல்ட் எண்ணுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

பாதி ஆயுளை அந்தக் கண்ணாடிக் கூண்டில் கிரேன் ஓட்டியே கழித்தவன் நான். என்னைக் கொண்டுபோய் ஸ்டோரில் உட்கார வைத்தால் செத்தேன். எனக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. இது உனக்குத் தெரிந்ததுதான், அதனால் நீட்டவில்லை.

பயப்படாதே, வழி கண்டுபிடித்துவிட்டேன். சைட் கேட்டுக்கு எதிரே ஒரு பர்கர் கடை இருக்கிறது. பெயரைச் சொன்னாலே நீ முகம் சுளிப்பாயே, அதன் கிளைதான். ஒவ்வொரு பெட்டியிலும் கலோரியை அச்சடித்தே தருகிறார்கள். உன் கிண்ணமும் அளவுக் கரண்டியும் எனக்கு வேண்டாம். மத்தியானம் ஒரு பர்கர், ராத்திரிக்குக் கொஞ்சம் பொரித்த கோழித் துண்டு, நடுவில் கறுப்புக் காபி. அவ்வளவுதான் என் நாள். தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மூன்று கிலோ போய்விட்டது. நீ வருடம் முழுக்க எனக்குச் சுரைக்காய் போட்டு இறக்கியது எவ்வளவு? நான் சொல்லவில்லை, நீயே சொல்.

இப்படிக்கு,
மேலே இருப்பவன்
(கடவுள் இல்லை, நான்தான்)


மார்ச் 9

மேலாளர் அவர்களுக்கு,

மேலே உட்காரும் ஆள் மேலாளர்தானே, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மதியத் தட்டுகள் வார்டுகளுக்குப் போய்விட்டன. ராத்திரிச் சமையல் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் ஸ்டீமருக்குப் பக்கத்தில் நின்றபடியே எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுரைக்காயைப் பற்றிக் கேட்டீர்கள். சுரைக்காய் போட்டது நான். அதைத் தின்றுவிட்டு, காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று தெருமுனை பேக்கரியில் கிரீம் பன் வாங்கியது யார்? சுரைக்காய் மேல் பழி போடாதீர்கள், அது வாயில்லாப் பூச்சி.

எடை இறங்கும். இறங்காது என்று நான் எப்போது சொன்னேன்? குறைவாகத் தின்றால் எதைத் தின்றாலும் இறங்கும். மிட்டாயை மட்டும் தின்றுகூட இறக்கலாம். ஆனால் இறங்குவது எது? தராசுக்குக் கொழுப்பும் தெரியாது, சதையும் தெரியாது. உங்கள் தொடையிலும் தோளிலும் இருக்கும் பலம் கரைந்து போனாலும் அதன் முள் சந்தோஷமாகத்தான் இறங்கும். அந்தத் தொடையை வைத்துக்கொண்டுதான் நீங்கள் ஏணி ஏற வேண்டும். உங்கள் பர்கரில் காய்கறி என்று ஒரு இலை வைத்திருப்பான், அதுவும் எப்போது தப்பிக்கலாம் என்று வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். பருப்பு எங்கே, கீரை எங்கே, பழம் எங்கே?

தட்டைத் தள்ளிவிட்டு வெளியூர் வேலைக்குப் போனீர்கள். நான் அங்கே வந்து நிற்கப் போவதில்லை, நீங்களும் இப்போதைக்கு இங்கே வரப் போவதில்லை. ஆனால் அந்தக் கேபின் உங்களுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். அது போகக் கூடாது. அதனால் ஜூன் பரிசோதனை வரைக்கும் நமக்குள் ஒரு பத்தியம் வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டபின் பேச்சு மாறக் கூடாது. யார் சொன்னது சரி என்று தராசிலும் தெரியும், ஏணியிலும் தெரியும். சம்மதமா?

தள்ளுவண்டிச் சத்தம் கேட்கிறது. போகிறேன்.

இன்னமும் உங்கள் மனைவி


மார்ச் 17

என் பந்தயக்காரிக்கு,

உன் கடிதத்தைக் கேபினில் வைத்தே படித்தேன். காற்று அதிகம் என்று வேலையை நிறுத்தி வைத்திருந்தார்கள். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், கீழே இருந்து சைகை காட்டுகிற ஆள் வாக்கி டாக்கியில் வந்து "அண்ணே, என்னாச்சு, நல்லாத்தான இருக்கீங்க?" என்று கேட்டார்.

பின்னே சிரிக்காமல்? கல்யாணமான நாளிலிருந்து சீட்டுக்கட்டைக் கையால் தொடாதவள். லாட்டரிச் சீட்டு காற்றில் பறந்து வந்து காலடியில் விழுந்தாலும் துடைப்பத்தால் தள்ளுகிறவள். நீ என்னிடம் எழுதுகிறாய், "ஜூன் பரிசோதனை வரைக்கும் நமக்குள் ஒரு பந்தயம் வைத்துக்கொள்ளலாம்" என்று. திரும்பத் திரும்பப் படித்தேன். சம்மதம். நூறு தடவை சம்மதம்.

பந்தயம் என்றால் பணயம் வேண்டும். நீ அதை எழுதவில்லை, முதல் தடவை அல்லவா, மறந்திருப்பாய். நானே எழுதுகிறேன். பரிசோதனை அன்றைக்கு நான் நூறுக்கு மேல் இருந்தால் தோற்றேன். கேபினும் போகும், மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன், நீ எதை வைத்தாலும் வாயைத் திறக்காமல் தின்பேன். வாயைத் திறக்காமல் எப்படித் தின்பது என்று கேட்காதே. நான் நூறுக்குக் கீழே இருந்தால் நீ தோற்றாய். அதற்குப் பிறகு என்னிடம் "என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்கவே கூடாது. எழுத்திலும் கூடாது, வாயாலும் கூடாது.

ஏன் இதைப்போய்க் கேட்கிறான் என்று உனக்குத் தோன்றும். முன்பெல்லாம் நான் வேலை முடிந்து வந்தால் "சாப்டீங்களா?" என்பாய். அதைக் கேட்டாலே பாதிக் களைப்பு போய்விடும். பிறகு அது "என்ன சாப்டீங்க?" என்று ஆயிற்று. ஒரு வார்த்தைதான் கூடியது. ஆனால் அதோடு சேர்ந்து என் சட்டைப் பையில் பிஸ்கட் தூள் தேடுவதும் கூடியது. நாக்கை நீட்டச் சொல்லாததுதான் பாக்கி. உன் ஆஸ்பத்திரியில் இருப்பவனுக்காவது குணமானால் வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறது. நான் வீட்டிலேயே நோயாளி, எங்கே போவேன்? அன்றைக்குத் தட்டைத் தள்ளியது சுரைக்காய்க்காக இல்லை. திருடிவிட்டு வந்தவனைப்போல வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டாயே, அதற்காக. எனக்கு அவமானமாக இருந்தது. இதை நேரில் சொல்ல வரவில்லை, எழுத வருகிறது.

இப்படிக்கு,
ஜெயிக்கப் போகிறவன்


மார்ச் 24

மேலாளர் அவர்களுக்கு,

முதலில் கண்ணாடியை மாற்றுங்கள். நான் எழுதியது பந்தயம் இல்லை, பத்தியம். ப, த், தி, ய, ம். பத்தியம் இருங்கள் என்று எழுதினால் அதைப் பந்தயம் என்று படிக்கிற மனுஷர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். என்னோடு வேலை பார்க்கிற அக்காவிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "அதுக்கென்ன, பந்தயமே கட்டிட வேண்டியதுதான. அவரு எந்தக் காலத்துல பத்தியம் இருந்தாரு?" என்கிறார்.

யோசித்துப் பார்த்தேன். அக்கா சொல்வது சரி. பத்தியம் என்றால் பேக்கரிக்கு ஓடுவீர்கள். பந்தயம் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். சரி, பந்தயமே இருக்கட்டும். பணயமும் சம்மதம். நீங்கள் ஜெயித்தால் அந்தக் கேள்வி என் வாயில் வராது. நான் வாக்குக் கொடுத்தால் எப்படி என்று தெரிந்துதானே கேட்டிருக்கிறீர்கள்.

ஆனால் அந்தக் கேள்வி ஏன் மாறியது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒருநாள் ரத்தப் பரிசோதனைச் சீட்டை என் கையில் கொடுத்து, "சக்கரை பார்டர்லதான் இருக்காம், ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போனீர்கள். அந்த மாதிரி எண்களை நான் தினமும் தட்டுகளில் ஒட்டியிருக்கிற அட்டையில் பார்க்கிறேன். உங்கள் வயது ஆட்கள். கால் விரலை எடுத்த கட்டோடு உட்கார்ந்துகொண்டு, "அம்மா, இன்னிக்காவது ஒரு ஸ்வீட் கண்ணுல காட்டுங்களேன்" என்று கெஞ்சுகிறவர்கள். வீட்டுக்கு வந்து உங்களைப் பார்த்தால் உங்கள் சட்டையிலும் ஒரு அட்டை ஒட்டியிருப்பதுபோலத் தெரியும். பயந்தேன். நன்றாகவே பயந்தேன். பயந்தவளுக்குக் குரல் போலீஸ்காரன் மாதிரிதான் வரும். அதற்காக மன்னிப்பெல்லாம் கேட்பதாக இல்லை, இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

பந்தயம் முடியும்வரை எனக்குக் கேட்க உரிமை உண்டல்லவா? இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்?

இன்னமும் உங்கள் மனைவி


ஏப்ரல் 20

பந்தயக்காரிக்கு,

உரிமை இருக்கிறவரை கேட்டுக்கொள். மத்தியானம் பர்கர், ராத்திரி கோழித் துண்டு. நேற்றும் அதுதான், நாளைக்கும் அதுதான். கல்லாவில் இருக்கும் பெண் என் தலையைக் கண்டதும் "அதேதான சார்?" என்பாள். இப்போது அதுவே பெயராகிவிட்டது. நான் கதவைத் தள்ளியதும் உள்ளே பார்த்து, "அதேதான் சார் வந்துட்டாரு" என்று குரல் கொடுக்கிறாள்.

நூற்று மூன்று. ஆமாம், சரியாகத்தான் படித்தாய், இதையும் வேறு மாதிரி படித்துவிடாதே. சைட்டில் எனக்கு இப்போது ஏக மரியாதை. கம்பி கட்டுகிறவர்கள் "அண்ணே, மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க, பொண்ணு பாக்கலாமா" என்கிறார்கள். ஏற்கெனவே பார்த்த பொண்ணே பந்தயம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறது என்றேன். சேஃப்டி ஆபீசர் தோளில் தட்டி ரகசியத்தைக் கேட்டார். பர்கர் என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்தார். கூட்டிக்கொண்டுபோய் எதிரிலேயே தின்று காட்டினேன். பேன்ட் இடுப்பில் நிற்பதில்லை, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறேன்.

சின்னச் சின்னத் தொல்லைகள் இல்லாமல் இல்லை. பல் தேய்த்தால் கொஞ்சம் ரத்தம் வருகிறது. காலைக்கடன் பாக்கி விழுந்துகொண்டே போகிறது, வட்டி கட்டுகிற நிலைமை. ஏணியில் முன்பெல்லாம் நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவேன், இப்போது மேடைக்கு மேடை நிற்கிறேன். நின்றால் என்ன, ஊரை வேடிக்கை பார்க்கலாம். கேபினில் சில்லென்று இருக்கிறது, ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன். கொழுப்பு என்கிற கம்பளியைக் கழற்றிவிட்டேன் அல்லவா, குளிரத்தான் செய்யும்.

உன் பயத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து இரண்டு காகிதம் கிழித்தாயிற்று. படித்தேன் என்பதை மட்டும் தெரிந்துகொள்.

இப்படிக்கு,
அதேதான் சார்


ஏப்ரல் 27

மேலாளர் அவர்களுக்கு,

நீங்கள் வேடிக்கையாக எழுதிய பகுதியைப் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெயிலில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு எதற்கு ஸ்வெட்டர்? மேடைக்கு மேடை நிற்பது ஊரைப் பார்க்கவா? ஊரை நீங்கள் பார்க்காத பார்வையா? ஈறில் ரத்தம் வருகிறது என்றால் பழம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அர்த்தம். சதையும் ரத்தமும் போய்க்கொண்டிருக்கிறது, நீங்கள் பெல்ட்டில் ஓட்டை போட்டுவிட்டுக் கைதட்டுகிறீர்கள்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். பந்தயம் கிடக்கட்டும். நானே தோற்றுவிடுகிறேன். இப்போதே எழுதித் தருகிறேன், நீங்கள் ஜெயித்தீர்கள், நான் இனிமேல் கேட்க மாட்டேன். அதற்குப் பதிலாக நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். காலையில் இரண்டு முட்டை. மத்தியானம் ஒரு கிண்ணம் பருப்பு, கை நிறையக் கீரை, அளவாகச் சோறு. சாயங்காலம் ஒரு பழம். பர்கர் இல்லாமல் உயிர் போய்விடும் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒன்று தின்னுங்கள், நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன். எடை மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் ஜூனுக்குள் நூறைத் தொட்டுவிடலாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கேபினும் இருக்கும், அதில் உட்கார ஆளும் இருப்பார்.

தோற்பது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தாயம் ஆடும்போதே காயை மறைத்து வைக்கிறவள் நான். அப்படிப்பட்டவள் தோற்கிறேன் என்கிறேன்.

உங்கள் மனைவி


ஜூன் 5

தோற்றவளுக்கு,

தொண்ணூற்றெட்டு.

மறுபடியும் எழுதுகிறேன், நன்றாக இருக்கிறது பார்க்க. தொண்ணூற்றெட்டு. தராசில் ஏறி நின்றதும் சேஃப்டி ஆபீசர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மறுபடியும் குனிந்து பார்த்தார். "அண்ணே, நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்று கை கொடுத்தார். ரத்தக் கொதிப்பு பார்த்தார்கள், கண் பார்த்தார்கள், காது பார்த்தார்கள், எல்லாம் சரி. ரத்தமும் எடுத்தார்கள், முடிவு வரக் கொஞ்ச நாள் ஆகுமாம். கிரேனை உயர்த்தியாயிற்று. கேபின் எனக்குத்தான்.

நீ விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதியதற்குப் பதில் போடாமல் இருந்தது வேண்டுமென்றேதான். பிச்சையாக வந்த ஜெயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சொந்தமாக ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன், ஜெயித்துவிட்டேன். நீ தூக்கிப் பிடிக்கும் பருப்பு வேண்டியிருக்கவில்லை, கீரை வேண்டியிருக்கவில்லை. படித்தவள் நீ, ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள். எழுத்தில் வேண்டும். கையெழுத்து தெளிவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஜெயித்தவன்


ஜூன் 12

அன்புள்ள உங்களுக்கு,

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், என் கணவர் பர்கர் தின்று எடையைக் குறைத்தார், பந்தயத்தில் வென்றார், நான் தோற்றேன். வாழ்த்துகள்.

இங்கே எல்லோரும் நலம். தண்ணீர் மோட்டார் பழுதாகி, ஆள் வந்து சரி செய்துவிட்டுப் போனார். மாடிப்படி பல்பை நானே ஸ்டூல் போட்டு மாற்றினேன். சமையல்கூடத்துக்குப் புது ஸ்டீமர் வந்திருக்கிறது, பழையதைவிடச் சத்தம் குறைவு. நம் மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, நன்றாக எழுதியதாகச் சொல்கிறாள். கீழ்வீட்டுக்காரர்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி


ஜூன் 20

உனக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். உறைக்குள் விரலை விட்டும் பார்த்தேன். அவ்வளவுதானா?

கீழ்வீட்டு வெள்ளையடிப்பைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? மோட்டார், பல்பு, ஸ்டீமர். இதில் நான் எங்கே இருக்கிறேன்? கோபமா உனக்கு? கோபம் என்றால் திட்டி எழுது. உன் திட்டு எனக்குப் பழக்கம்தான்.

இன்றைக்குக் கொஞ்சம் வித்தியாசமாக ஒன்று தின்றேன். என்னவென்று நீயே யோசித்துப் பார்.

மேலே இருப்பவன்


ஜூன் 27

அன்புள்ள உங்களுக்கு,

யோசிக்க மாட்டேன். யோசிப்பதும் கேட்பது மாதிரிதான்.

கோபம் ஒன்றும் இல்லை. வாக்கு வாக்குதான். கேட்காமல் இருப்பது எனக்கு லேசு என்று நினைத்துவிடாதீர்கள். கடிதம் எழுதும்போது பேனா தானாக அந்தப் பக்கம் போகிறது, பிடித்து இழுத்துப் பல்பு, மோட்டார் என்று எழுத வைக்கிறேன். உங்களுக்கு அந்தக் கேள்வி அவமானம் என்றீர்கள். இத்தனை காலம் கூட வாழ்ந்தவருக்கு அவமானம் என்றால் எனக்கு அது வேண்டாம். இது பந்தயத்துக்காக மட்டும் இல்லை.

மகள் வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போனாள். மழை பெய்தது.

உங்கள் மனைவி


ஜூலை 6

என் மனைவிக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதறாமல் படி.

செவ்வாய்க்கிழமை கம்பிக்கட்டு ஒன்றைத் தூக்கினேன். மேல்தளத்தில் ஆறு பேர் அதை வாங்கக் காத்திருந்தார்கள், அண்ணே அண்ணே என்று என்னைக் கிண்டல் செய்கிற அதே பையன்கள்தான். கட்டு அவர்கள் பக்கம் திரும்பும்போது லீவரில் இருந்த கை நடுங்கியது. நான் நடுக்கவில்லை, அதுவாக நடுங்கியது. கண்ணின் ஓரத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. கட்டு ஆடத் தொடங்கியது. இந்தத் தொழிலில் எனக்கு அப்படி ஒரு நாளும் ஆனதில்லை. லீவரை விட்டேன். மூச்சை இழுத்து விட்டேன். இரண்டு கையாலும் பிடித்து, கட்டை அவர்கள் தலைக்கு மேல் போகாமல் ஆளில்லாத பக்கம் திருப்பி, குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் தரையில் வைத்தேன். வாக்கி டாக்கியில் "காத்தாண்ணே?" என்றார் சைகை காட்டுகிறவர்.

காற்று என்று சொல்லியிருக்கலாம். அவரே எடுத்துக் கொடுத்தார். எவனுக்கும் தெரிந்திருக்காது. "காத்து இல்ல, எனக்குத்தான் முடியல. எறங்கி வரேன்" என்றேன்.

ஏணியில் இறங்கும்போது கால் ஒவ்வொரு படியிலும் யோசித்து யோசித்து வைத்தது. நேராக சேஃப்டி ஆபீசர் அறைக்குப் போனேன். என்னை மேலே அனுப்பாதீர்கள் என்றேன். "அண்ணே, பேப்பர்ல நீங்க ஃபிட்டு" என்றார். "அப்ப பேப்பரை மேல ஏத்தி ஓட்டச் சொல்லுங்க" என்றேன். எழுந்து நின்று எனக்கு நாற்காலி போட்டார், பாவம்.

பரிசோதனையில் எடுத்த ரத்தத்தின் முடிவும் ஒருவழியாக மறுநாள் வந்தது. சர்க்கரை சரியாகிவிட்டது, பார்டர் கீர்டர் ஒன்றும் இல்லை. இதை நீ குறித்துக்கொள், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன், எடை இறங்கியதற்கு அந்தப் பலன் உண்டு. ஆனால் இரும்புச் சத்து தரையில் கிடக்கிறதாம். புரதமும் குறைவாம். கையால் ஒரு கருவியை அழுத்தச் சொன்னார் டாக்டர். அழுத்தினேன். "இன்னும் அழுத்துங்க" என்றார். அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். நீ முதல் கடிதத்திலேயே எழுதியதைத்தான் அந்த மனுஷர் இங்கிலீஷில் சொன்னார். மூன்று மாதம் கீழே ஸ்டோரில்தான். அதற்குள் ரத்தமும் பலமும் வந்தால் மறுபடியும் கேபின். வரும். நான் ஏறுவேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்தத் தடவை தராசுக்காக ஏற மாட்டேன், அவ்வளவுதான்.

அறைக்கு வந்து உட்கார்ந்து, ஜெயித்து நமக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தேன். என்னைக் கேட்க ஆளில்லாத ஒரு ஊர் கிடைத்திருக்கிறது. கடைப் பெண்கூட என்னைக் கேட்பதில்லை, "அதேதான" என்று அவளே சொல்லி அவளே எடுத்து வைத்துவிடுகிறாள். உன் கடிதத்தில் மோட்டாரைப் பற்றிப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது, மோட்டாருக்காக இல்லை. நீ கேட்கும்போது குறுகிப் போனேன், நீ கேட்காதபோது அநாதை மாதிரி ஆகிவிட்டேன். இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, நீதான் சொல்ல வேண்டும்.

நீ கேட்க வேண்டாம். நானே சொல்கிறேன். காலையில் பக்கத்து அறை வெல்டர் இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தார். மத்தியானம் நானே பருப்பு வேக வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது, சுரண்டித் தின்றேன். சாயங்காலம் ஒரு வாழைப்பழம். கீரை வாங்கப் போனேன், எது கீரை, எது வெறும் இலை என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். உன்னிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று.

தோற்றால்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்பது பந்தயம். நான் ஜெயித்தவன், எனக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டு கதவைத் திற. லீவு சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன், சனிக்கிழமை காலை வாசலில் நிற்பேன். நீ எதுவும் கேட்டுவிடாதே, கொடுத்த வாக்கு உன்னோடு இருக்கட்டும். உள்ளே வந்ததும் நானே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பசிக்கிறது என்று.

உன்னுடையவன்